கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைத்த வருஷங்கள்

என் வீட்டுக்காரருக்கு வார்ப்பிரும்பு கைக்கு வராது. ஊரில் இதற்கு நேர்மாறாகத்தான் பேச்சு. திருமயத்து வெல்டர் பற்றவைத்தால் உடைந்த வார்ப்பு பழையபடி நிற்கும் என்று விராலிமலை வரைக்கும் பேர் இருந்தது. சாக்கில் கட்டி, பஸ் மேலே ஏற்றி, பம்புகளும் பல்சக்கரங்களும் எங்கள் வாசலுக்கு வரும். அவற்றைப் பற்றவைத்த கை என்னுடையது. ஐந்து வருஷம் அது வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியவந்தபோது எப்படித் தெரியவந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர் அப்போது ஒரு செட்டியார் வீட்டில் கார் டிரைவர். பர்மாவில் இருந்த தொழில் யுத்தத்தோடு போய்விட, அந்த வீட்டுக்காரர்கள் காரை விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் குடிபோனார்கள். போகும்போது, "வீட்டப் பாத்துக்கிட்டு நீ ஷெட்டுலயே இருந்துக்க" என்று சொல்லிப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால், தெருவைப் பார்த்த கார் ஷெட் அது. இரண்டு கார் நிற்கும் அகலம். தேக்குப் பலகையில் இரட்டைக் கதவு. நடுவில், காரின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஆள் இறங்கும் பள்ளம். ஒரு பாதியைத் தட்டி வைத்து மறைத்து அடுப்பு மூட்டினேன். எங்கள் இரண்டு பெண்களும் அங்கேதான் பிறந்தார்கள். காருக்குக் கட்டிய இடத்தில் குடித்தனம் பண்ணினோம் என்று சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது.

கார் போன பிறகு அவர் திருச்சிக்குப் போய் ஒரு பட்டறையில் ஒரு வருஷம் இருந்து கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தார். ஷெட்டின் மறு பாதியில் தொழில் தொடங்கினார். கார்பைடு கல்லை உடைத்து டிரம்மில் போட்டுத் தண்ணீர் விட்டால் கேஸ் வரும். அழுகின பூண்டு மாதிரி நாற்றம். கல் உடைப்பது, தண்ணீர் விடுவது, சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கும் கசடை அள்ளிக் கொட்டுவது எல்லாம் என் வேலை. ஆக்ஸிஜன் சிலிண்டர் மட்டும் திருச்சியிலிருந்து லாரியில் வரும். அவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் பக்கத்தில் நின்று கம்பி எடுத்துக் கொடுப்பேன். எனக்கும் ஒரு பழைய கண்ணாடி கொடுத்திருந்தார். அதன் வழியாகத்தான் நான் எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் கற்றுக்கொடுத்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் கண்முன்னால் நான் நின்றேன், அவ்வளவுதான்.

எஃகு அவருக்கு நன்றாக வரும். வண்டி அச்சு, கேட்டுக் கம்பி, லாரியின் அடிச்சட்டம் எதுவானாலும் மளமளவென்று முடித்துவிடுவார். வேகமான கை. வார்ப்புக்கு அந்த வேகம் ஆகாது. எஃகு சூட்டில் நீளும், ஆறும்போது சுருங்கும், இடையில் கொஞ்சம் வளைந்து சமாளித்துக்கொள்ளும். வார்ப்பு வளையாது. ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளிர்ந்தும் இருந்தால் விரிசல் விட்டுவிடும். வார்ப்பையும் எஃகையும் ஒன்றாகச் சேர்ப்பது இன்னும் மோசம். இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது. உடைந்த துண்டு முழுவதையும் கரி நெருப்பில் ஒரே சீராகச் சுடவைக்க வேண்டும். வார்ப்பை உருக்காமல், பித்தளைக் கம்பியை மட்டும் வெங்காரப் பொடியில் தொட்டு உருக்கி இடுக்கில் ஓடவிட வேண்டும். பிறகு உமிச் சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் வரைக்கும் தொடாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னிடம் வாயால் சொல்லியும் இருக்கிறார். ஆனால் ஒரு மணி நேரத்தில் சாம்பலைக் கிளறிப் பார்ப்பார். வெளிக்காற்று பட்டதும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வார்ப்பைத் திட்டுவார், கம்பியைத் திட்டுவார், கரி ஈரம் என்று என்னைத் திட்டுவார்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு ஆயில் என்ஜின் வர ஆரம்பித்தது. மாடு கட்டிக் கமலை இறைத்த இடத்தில் என்ஜின் வைத்து, பெல்ட் போட்டு, பம்பை ஓட்டினார்கள். பம்பு முழுவதும் வார்ப்பு. அதைப் பலகையில் இறுக்கும் கால் அடிக்கடி உடையும். உடைந்த கால் கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. அந்த இடத்தில் எஃகுத் தகடு வைத்துக் கால் கட்ட வேண்டும். முதலில் வந்த ஒரு பம்பை அவர் இரண்டு தடவை பற்றவைத்தார். இரண்டு தடவையும் விரிந்தது. மூன்றாம் நாள் அடுத்த சிலிண்டருக்குப் பணம் கட்ட வேண்டுமென்று திருச்சிக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம்தான் வருவார்.

பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதும் நான் கதவைச் சாத்தினேன். அவர் வைத்த பழைய பித்தளையை அரத்தால் ராவி எடுத்தேன். உடைந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துவிட்டு, செங்கல் அடுக்கி உள்ளே கரி போட்டு, பம்பைப் புதைத்து ஊதினேன். வார்ப்பு மங்கலான சிவப்புக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அவருடைய காக்கிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, தீ கக்கும் புளோபைப்பைக் கையில் எடுத்தேன். பித்தளை உருகித் தகட்டுக்கும் வார்ப்புக்கும் நடுவில் தண்ணீர் மாதிரி ஓடியது. உமிச் சாம்பலைக் கொட்டி மூடி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். மறுநாள் மத்தியானம் வரை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவர் வந்து பார்த்தார். சுத்தியலால் தட்டினார். விரிசல் இருந்தால் சத்தம் பிசிறடிக்கும். பிசிறில்லாமல் கணீரென்று கேட்டது.

"யாரு வந்தா?"

"யாரும் வரல. நாந்தான் வச்சேன்."

கால் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "வெளியில சொல்லாத. பொம்பள கைபட்டதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

நானும் சரி என்றேன். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. யாரும் என்னை அடித்து மிரட்டவில்லை. சோறு வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்று நானே தலையாட்டினேன்.

அதன் பிறகு வார்ப்பு வேலை வந்தால் வழக்கம் இதுதான். அவர் வெளியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வந்தவர்களோடு பீடி குடித்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே. வெயில் காலத்தில் இரட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்பின் முன்னால் உட்கார்ந்தால், கண்ணாடிக்குள் வேர்வை நிரம்பி எதுவும் தெரியாது. இடது கையில் முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு. அக்கம்பக்கத்தில் கேட்டால், "பலகாரம் சுட்டப்ப எண்ணெ தெறிச்சிருச்சு" என்பேன். வருஷம் முழுக்க நான் பலகாரம் சுட்டதாகத்தான் தெருவில் நினைத்திருப்பார்கள். வேலை எப்போது முடியும் என்று அவர் உள்ளே வந்து கேட்பார். நான் சொல்வதை வெளியே போய்த் தன் சொந்தக் கணக்கைப் போல, கொஞ்சம் குறைத்துச் சொல்வார். நான் நாளைக் காலை என்றால் அவர் இன்றைக்குச் சாயங்காலம் என்பார்.

ஒருதடவை மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். வார்ப்பில் எஃகு வைத்து இவ்வளவு சுத்தமாக எங்கேயும் பார்த்ததில்லை என்று சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அது கைப்பழக்கம் அண்ணே. சூட்டோட நெறத்தப் பாத்தே சொல்லிருவேன்" என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது குழம்பில் உப்பு இல்லை என்றார். உப்புச் சட்டியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் டமாரென்று வைத்தேன். ஐந்து வருஷத்தில் நான் காட்டிய கோபம் அவ்வளவுதான்.

ஆறாவது வருஷம் பங்குனி மாதம். மழை பொய்த்துப்போய் ஊருணியில் சேறுதான் கிடந்தது. கிணறு இருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் வெள்ளாமை வைத்திருந்தார்கள். நாலு மைல் தள்ளி இருந்த ஊரிலிருந்து ஒரு விவசாயி மாட்டு வண்டியில் பம்பைக் கொண்டுவந்தார். அதே மாதிரிதான், கால் உடைந்திருந்தது. "கடலச் செடியில விழுது எறங்குற நேரம் அண்ணே, இன்னும் ரெண்டு நாள் தண்ணி இல்லைன்னா அம்புட்டும் போச்சு" என்று வெளியில் அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அதை எடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் எஃகுக் கால் வைத்து முடித்துச் சாம்பலில் புதைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் சின்னம்மா செத்துப்போன சேதி வந்தது. அறந்தாங்கிப் பக்கம் போக வேண்டும். கிளம்பும்போது அவரிடம், "நாளைக்குக் காலைல வரைக்கும் இதத் தொடாதீங்க. இந்தக் கால் தடிச்ச தகடு. அவசரப்பட்டா வார்ப்ப இழுத்துரும்" என்றேன்.

"தெரியும் போ."

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பினேன். பம்பு இல்லை. சாம்பல் தரையெல்லாம் சிதறி, ஈரமாகக் குழைந்து கிடந்தது. பக்கத்தில் வாளி.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"வந்து உக்காந்துகிட்டு அழுவுறான் மனுசன். எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு இருக்குறது? தாங்கும். ஒண்ணும் ஆகாது."

"விரிஞ்சுரும்ங்க. ஓட்ட வேணாம்னு ஆள் அனுப்புங்க."

"நீ ஒண்ணும் எனக்குச் சொல்ல வேணாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

நாலு மைல்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் நடந்து போயிருக்கலாம். தெருவில் யாரையாவது சைக்கிளில் அனுப்பியிருக்கலாம். போனால் என்ன சொல்வது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன பதில் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே அந்தச் சாம்பலைக் கூட்டி அள்ளினேன். பெண்களுக்குச் சோறு போட்டேன். போகவில்லை. இதற்கு நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் வண்டி வந்து நின்றது. அந்த விவசாயியும் அவர் ஊர் ஆட்கள் நாலைந்து பேரும். வண்டியில் பம்பு. எஃகுக் கால் தனியாகக் கிடந்தது. என்ஜினை ஓட்டிக் கொஞ்ச நேரத்தில் கால் பிய்த்துக்கொண்டு பம்பு சாய்ந்திருக்கிறது. பெல்ட் கழன்று அடித்ததில், பம்பு தண்ணீர் இழுப்பதற்காக அதன் வாயில் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

"என்ன பத்தவப்பு இது? எம் பொண்டாட்டி கை போச்சு. தொழில் தெரிஞ்சுதான் செய்யுறியா நீ?" என்று அவர் சத்தம் போட்டார். அண்ணே என்று கூப்பிட்ட வாய். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

நான் தட்டிக்குப் பின்னால் அடுப்பில் உலை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஊற்றியதை ஒத்துக்கொள்வார், இல்லையென்றால் வார்ப்பு பழசு என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

"நான் வைக்கல. என் சம்சாரந்தான் வச்சா. பொம்பளகிட்டக் குடுத்தது என் தப்பு, மன்னிச்சிருங்க."

ஐந்து வருஷம் நான் வைத்ததையெல்லாம் தான் வைத்ததாகச் சொன்னவர். எத்தனையோ பம்புகள் ஓடிக்கொண்டிருந்தபோது என் பேர் அவர் வாயில் வரவில்லை. ஒன்று உடைந்ததும் வந்துவிட்டது. அதுவும் அவர் உடைத்தது. எனக்கு முதலில் ஆத்திரம்கூட வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. உலையை இறக்கி வைத்தேனா, அப்படியே விட்டேனா, ஞாபகம் இல்லை. தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.

"ஆமா, நாந்தான் வச்சேன்" என்றேன். "இத மட்டும் இல்ல. கோட்டைக்குக் கீழ தோட்டத்துல ஓடுதே, அந்தப் பம்பு நான் வச்சது. விராலிமலைலேருந்து வந்த ஆலைச் சக்கரம் நான் வச்சது. இந்த அஞ்சு வருஷமா இந்த ஷெட்டுல பத்தவச்ச வார்ப்பு ஒவ்வொண்ணும் நான் வச்சது. அதுல எது ஒடஞ்சுச்சு, சொல்லுங்க."

ஒரு ஆள் சிரித்தார். நான் வண்டியில் ஏறிப் பம்பைப் புரட்டினேன்.

"இங்கிட்டு வந்து பாருங்க அண்ணே. நான் வச்ச பித்தளை விட்டுச்சா? தகட்டோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்குப் பக்கத்துல வார்ப்புதான் விரிஞ்சு பிஞ்சிருக்கு. சுடச்சுடத் தண்ணி பட்டா இப்படித்தான் பியும். ஈரச் சாம்பல் இன்னும் இடுக்குல ஒட்டியிருக்கு. தண்ணி ஊத்துனது யாரு?"

விவசாயி குனிந்து பார்த்தார். விரலால் அந்தச் சாம்பலைத் தொட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீதானய்யா ஊத்துன? ரெண்டு வாளி. நான் பக்கத்துலதான நின்னேன்" என்றார்.

"நாளைக்குத்தான் எடுக்கணும்னு நான் சொல்லிவிட்டேனே, சொன்னாரா ஒங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"சொல்லலையே. சாயங்காலம் வரைக்கும் ஆகும்னாரு. அவசரம்னு அழுதேன். சரின்னு எடுத்துக் குடுத்தாரு."

என் வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்ட நிறைய இருந்தது. திட்டினேன், தெருவே கேட்க. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத வார்த்தைகளும் அதில் உண்டு.

அன்றைக்கே அந்த வண்டியிலேயே ஏறிப் போய் அந்த அம்மாளைப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போடும் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக் கரு தடவி, கையைக் கட்டியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். முகம் வீங்கியிருந்தது.

"நீங்கதான் பத்தவச்சதா?"

"நாந்தான். ஆனா அவசரப்பட்டு எடுத்து..."

"அது சரி. எடுத்துட்டாங்கன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சாயங்காலம்."

"நாங்க ஓட்டுனது பொழுது சாயுற நேரம். ஏன் நீங்க வந்து சொல்லல?"

அவள் புருஷனும் அங்கேதான் நின்றார், ஆறுதலாக ஏதோ சொல்லப் பார்த்தார். அவள், "நீங்க சும்மா இருங்க. அவங்க சொல்லட்டும்" என்றாள்.

"பயந்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றேன்.

"யாருக்கு? எனக்கா பயந்தீங்க?"

என் வீட்டுக்காரர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்மேல் இருந்த கோபமும் அதே அளவுக்கு நியாயம். நாலு மைல் வெயிலில் நடந்தே திரும்பினேன். வழி முழுக்க அவர்மேல் ஒரு தடவை, என்மேல் ஒரு தடவை என்று மாறிமாறி வந்துகொண்டிருந்தது.

பம்பை மறுபடி வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் ஷெட்டுக் கதவு இரண்டையும் அகலத் திறந்தேன். வார்ப்பு விரிந்த இடம் முழுவதையும் அரத்தால் தேய்த்து எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. தடித்த தகட்டை விட்டுவிட்டு மெல்லிசான தகடு எடுத்து மடித்துக் கால் செய்தேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும், அந்தத் தப்பு என்னுடையது. தெரு ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். சில பேர் வேலையைப் பார்த்தார்கள், சில பேர் வரிந்து கட்டிய சேலையைப் பார்த்தார்கள். ஒருவர், "அடுப்பங்கரைல இருக்க வேண்டியது" என்று என் காதில் விழும்படி சொன்னார். நெருப்பு கையில் இருந்ததால் நான் திரும்பவில்லை. அவருக்கு அது நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் காலையிலேயே எங்கேயோ கிளம்பிப் போயிருந்தார். சாம்பலில் புதைத்து, முழுசாக இரண்டு நாள் விட்டேன். விவசாயி வந்து வாசலில் உட்கார்ந்தார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவரோடு கிணற்றடிக்குப் போய், பம்பைப் பலகையில் வைத்து நானே போல்ட்டை இறுக்கினேன். கடலைச் செடி தலை தொங்கிக் கிடந்தது. என்ஜினைச் சுற்றப் போகும்போது அவர் மனைவி கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தாள்.

"இருங்க" என்றாள் புருஷனிடம். என்னைப் பார்த்து, பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள். "அன்னைக்கு நான் நின்னது அங்கிட்டு. நீங்க அங்க போய் நில்லுங்க. அப்பறம் ஓட்டட்டும்."

விவசாயி, "ஏய், என்ன பேசுற?" என்றார்.

நான் குடத்தை எடுத்துப் பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவள் காட்டிய இடத்தில் போய் நின்றேன். என்ஜின் இரண்டு மூன்று தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பெல்ட் என் இடுப்புக்குப் பக்கத்தில் விர்ரென்று ஓடியது. பயமாக இருந்தது. வேலை நன்றாகத்தான் செய்திருந்தேன், இருந்தாலும் பயமாக இருந்தது. அந்த 'டிங்' சத்தம் வருகிறதா என்று என்ஜின் இரைச்சலுக்குள்ளே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். குழாயில் தண்ணீர் வந்தது, வாய்க்காலில் விழுந்தது, முதல் பாத்தி நிறைந்தது. இரண்டாவது பாத்தியும் நிறைந்தது. அவள் போதும் என்று சொல்லவில்லை. நானும் நகரவில்லை. நாலாவது பாத்திக்கு மடை திருப்பினபோது அவள் வரப்போடு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவளிடம் அதை எதிர்பார்க்க எனக்கு உரிமை கிடையாது. அவள் கை கூடிவிட்டது, ஆனால் முழுசாக நீட்ட வராது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் நாலு நாள் கழித்து வந்தார். காரைக்குடியில் ஒரு லாரிக்கு டிரைவராகச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நடந்ததைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேசினேன். "ஒடஞ்சதுக்கு மட்டும் எம் பேரா?" என்று நேராகக் கேட்டேன். "அந்த நேரத்துல வாய்ல வந்துருச்சு" என்றார். வாயில் வந்துவிட்டதாம். ஐந்து வருஷம் வராதது.

பிறகு பாதிப் பேர் எங்கள் ஷெட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், அங்கே விரிந்து, திரும்ப என்னிடமே கொண்டுவந்தவர்களும் உண்டு. அப்போதும் வாசலில் நின்றுகொண்டு, "வீட்டுல ஆம்பள இல்லையா?" என்று கேட்பார்கள். "வார்ப்பு வைக்க ஆம்பள வேணும்னா வேற எடம் பாருங்க" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைப்பார்கள். ஒரு வேலையையும் ஒரு நாளுக்கு முன்னால் கொடுத்ததில்லை. அவசரம் என்று அழுதவர்களைத் திட்டி அனுப்பினேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று பேர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது. கரண்டில் பற்றவைக்கும் மெஷின் ஒன்று போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்குத் தொழில் இணைப்பு வாங்க வேண்டும். மனு கொடுக்க ஆபீசுக்குப் போனபோது, லாரியிலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரரும் கூட வந்தார். குமாஸ்தா அவரைப் பார்த்து, "வெல்டர் பேரு சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "அவதான் வெல்டர். அவ பேர எழுதுங்க" என்றார். குமாஸ்தா தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தார். சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரர் பேரையே எழுதி, 'மனைவி உதவியுடன்' என்று பக்கத்தில் போட்டார்.

"அத அடிங்க" என்றேன்.

"ஃபாரம் வீணாப் போயிரும்மா. ஒரே வீடுதான, யாரு பேர்ல இருந்தா என்ன?"

"வீணாப் போகட்டும். வேற ஃபாரம் எடுங்க."

அந்த மேஜை முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். கடைசியில் குமாஸ்தா வேறு ஃபாரம் எடுத்து, எழுத்து எழுத்தாக, அழுத்தி, என் பேரை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் வீட்டுக்காரர், "நாந்தான் மொதல்ல சொன்னேன், பாத்தியா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார் போல. முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பஸ் வந்ததும் ஏறி, பெண்களுக்கென்று இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.